வளைவில் நின்று கை காட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல், வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி, லிஃப்ட் கேட்டே கொடைக்கானலுக்கும் அதற்கு மேலே பூம்பாறை, மன்னவனூர், கிளாவரைக்கும் போய்வரலாம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள், காணொளி போடுகிறார்கள். போகலாம்தான். அந்த மேல்மலை ஊர்க்காரர்களுக்கு அது புதுசும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர், பூண்டு மூட்டையோடு நிற்பவர், ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவர் எல்லாரும் கிடைத்த வண்டியில் ஏறித்தான் போகிறார்கள். எப்படிக் கேட்பது, எங்கே நின்று கேட்பது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. இந்தப் பாதையில் தினமும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் என்பதால் அதை எழுதுகிறோம்.

நிற்கிற இடத்தில்தான் முதல் தப்பு நடக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி எப்படியும் மெதுவாகத்தானே வரும், அங்கே நின்றால் நிறுத்துவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். வண்டி மெதுவாக வருவது உண்மை. அந்த இடத்தில் டிரைவருக்கு இருக்கிற வேலையைப் பாருங்கள். பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது முன்பக்கம் வெளிச்சுவரை ஒட்டிப் போகும், பின்சக்கரம் உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும். உள்பக்கம் நிற்பவர் முன்சக்கரம் தள்ளிப் போனதைப் பார்த்து நமக்கு இடமிருக்கிறது என்று நினைப்பார். பின்சக்கரம் அவர் காலடிக்கு வந்துவிடும். வெளிப்பக்கம் நின்றால் முதுகுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் பள்ளம். டிரைவரோ எதிரே வண்டி இறங்குகிறதா என்று மேலே பார்ப்பார், அல்லது வளைவில் வைத்திருக்கிற குவிகண்ணாடியைப் பார்ப்பார். கை காட்டுகிறவர் அவர் கண்ணிலேயே பட மாட்டார்.

கண்ணில் பட்டாலும் ஏற்றத்தில் நிறுத்த முடியாது. லோடு ஏற்றிய பிக்கப் ஒன்றாவது, இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும். அதை நடு ஏற்றத்தில் நிறுத்தினால் ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, அரை கிளட்சில் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மிதித்துத்தான் மறுபடி கிளப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஓரடியாவது பின்னால் உருளும். பின்னாடி ஒரு பைக் ஒட்டி நின்றால் என்ன ஆகும்? இரண்டு மூன்று தடவை இப்படிக் கிளப்பினால் கிளட்ச் பிளேட் தீய்ந்த வாடை கேபினுக்குள் வந்துவிடும். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சாலை விதியே சொல்வது இதனால்தான். ஆகவே நிறுத்தாமல் போகிற டிரைவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று திட்டாதீர்கள்.

எங்கே நிற்பது? தரை சமமாகி, ஓரம் அகலமாகி, வண்டி தானாகவே வேகம் குறைக்கிற இடத்தில். டீக்கடை, கோயில், செக்போஸ்ட், ரோடு பிரிகிற பிரிவு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடம். கடைக்கு முன்னால் நிற்காமல் கடையைத் தாண்டி 20, 30 அடி தள்ளி நிற்க வேண்டும். முன்னால் நின்றால் அங்கே ஏற்கெனவே நிற்கிற வண்டிகள் உங்களை மறைக்கும். டிரைவருக்கு நீங்கள் குறைந்தது 30 மீட்டர் முன்னாலேயே தெரிய வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். உங்களைப் பார்த்து, நிறுத்தலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் 12 மீட்டர் போய்விடும். ஈரச்சாலையில் உள்ளே இருப்பவர் முன்னால் சாயாமல் நிறுத்த இன்னும் 17, 18 மீட்டராவது வேண்டும்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிறவர்களுக்கு இடம் வாரியாகவே சொல்லிவிடலாம். அடிவாரத்தில் காமக்காபட்டி செக்போஸ்ட். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்பதால், செக்போஸ்ட்டில் வண்டிகள் எப்படியும் ஊர்ந்துதான் போகும். அதைத் தாண்டி நின்றால் நல்லது. அதற்கு மேலே டம்டம் பாறை. தலையாறு அருவியைப் பார்க்க எல்லாரும் இறங்குகிற இடம், ஓரமும் உண்டு. ஆனால் அங்கே நிற்பவை பெரும்பாலும் குடும்பத்தோடு வந்த கார்கள், இடம் இருக்காது. ஊத்து வந்துவிட்டால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி போகிறவர்கள் அங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டும், அது கீழ்மலைக்குப் பிரிகிற இடம். பெருமாள்மலைதான் முக்கியம். பழனி ரோடு அங்கே வந்து சேர்கிறது. கொடைக்கானல் போகிறவர் இரண்டு ரோடும் சேர்ந்த பிறகு, கொடைக்கானல் பக்கமாகத் தள்ளி நின்றால் வத்தலக்குண்டு வண்டியும் கிடைக்கும், பழனி வண்டியும் கிடைக்கும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். சந்திப்பில் நிற்காமல் உங்கள் ரோடு பிரிந்த பிறகு உள்ளே தள்ளி நில்லுங்கள். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி “பழனியா, வத்தலக்குண்டா” என்று கேட்கிற வேலை மிச்சம். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிற ரோட்டை நம்பி லிஃப்டுக்கு நிற்காதீர்கள். ரோடு குறுகல், மழைக்கு மண்சரிவும் அதிகம், வண்டியும் குறைவு.

அடுத்தது கை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் பக்கம் கட்டைவிரலைக் காட்டினால் “சூப்பர்” என்று அர்த்தம். டிரைவரும் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்து, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். மலையில் எல்லாருக்கும் புரிவது இதுதான். ரோட்டுக்குள் ஓரடிகூட வரக் கூடாது. டிரைவர் பதில் சொல்வதையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். விரல்களைக் குவித்துக் காட்டினால் உள்ளே ஆள் நிறைந்திருக்கிறது. பக்கவாட்டில் விரலை நீட்டினால் இதோ பக்கத்திலேயே திரும்புகிறேன் என்று பொருள். லைட்டை ஒரு தடவை அடித்தால் அதை “வா” என்று எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், “தள்ளி நில்” என்றும் இருக்கலாம். வண்டி முழுசாக நின்று ஹாண்ட் பிரேக் சத்தம் கேட்ட பிறகு கிட்டே போங்கள்.

கேட்கும்போது கடைசி ஊரைச் சொல்லாதீர்கள், அடுத்த ஊரைச் சொல்லுங்கள். “அண்ணே, கிளாவரை போகுமா?” என்றால் பத்தில் ஒன்பது வண்டிக்குப் பதில் “இல்லை”தான். “அண்ணே, பூம்பாறை வரைக்கும் வரலாமா? ஒரு ஆள்தான்” என்றால் கதவு திறக்கும். பூம்பாறையிலிருந்து மன்னவனூருக்கு வேறு வண்டி, அங்கிருந்து கவுஞ்சி, பூண்டி, கிளாவரைக்கு இன்னொன்று. கூக்கால் போகிறவர் பிரிவிலேயே இறங்கி நின்றால் போதும். எத்தனை ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் கை காட்டி வண்டியை நிறுத்தியதும் மரத்துக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் பையோடு வருவது எந்த டிரைவருக்கும் பிடிக்காது. அடுத்த தடவை அவர் தனி ஆளுக்கும் நிறுத்த மாட்டார், ஊர்க்காரருக்கும் சேர்த்துத்தான் அந்த நஷ்டம்.

நேரம் தெரியாமல் நிற்பதும் வீண். மேல்மலையில் கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு விளைகிறது. காய் வண்டி விடிகாலைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் லோடோடு இறங்கும், காலையில் காலியாக ஏறும். ஆகவே ஏறுவதற்குக் காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை வண்டி கிடைக்கும். லோடு வண்டியில் இறங்குவதை மறந்துவிடுங்கள், கேபினில் காய்க்குச் சொந்தக்காரர் இருப்பார். மதியம் 3 மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் 10 அடிக்கு முன்னால் நிற்கிற ஆளும் தெரியாது. அப்போது கறுப்பு ஜெர்கின் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்பவர் வண்டிக்கு இல்லாத ஆள் மாதிரிதான். மஞ்சளோ வெள்ளையோ ஒரு துணி, அதுவும் இல்லையென்றால் கையில் எரிகிற செல்போன் டார்ச் கீழ்நோக்கி. டிரைவர் கண்ணில் அடிக்கக் கூடாது.

இனி ஏறுகிற வண்டியைப் பற்றி. இரு சக்கர வண்டிதான் அதிகம் நிறுத்துவார்கள், அதில்தான் கவனமும் அதிகம் வேண்டும். 100 சிசி பைக்கில் இரண்டு பெரியவர்கள், பின்னால் உட்கார்ந்தவர் முதுகில் 15 கிலோ பை. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹாண்டில் ஆடும். பையைக் கழற்றி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இறக்கத்தில் ஓட்டுகிறவர் தோளைப் பிடிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் பாரம் அவர் கைக்குப் போய் ஹாண்டிலைத் திருப்பிவிடும். ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்து, தொடையால் சீட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும். வளைவில் வண்டி சாய்கிற பக்கமே நீங்களும் சாயணும், பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் அபராதம் 1,000 ரூபாய். லிஃப்ட் கேட்டுப் போகிறவர் ஹெல்மெட் சுமப்பது சிரமம்தான். ஆனாலும் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு பைக்காரர் சட்டென்று நிறுத்துவதைப் பார்க்கலாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இறக்கத்துக்கு ஏறவே ஏறாதீர்கள். பைக்கில் இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாகக் கழன்றுகொள்ளும், வண்டி நியூட்ரலில் உருளுவது மாதிரி உருளும். முழுப் பாரமும் பிரேக்கில் விழும். இரண்டு ஆளோடு 10, 15 கிலோமீட்டர் இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக்கை எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது.

காருக்கும் இதே கதைதான். சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்கள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதுண்டு. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையின் பாலபாடம். லிஃப்டில் உட்கார்ந்திருப்பவர் இதைக் காதாலும் மூக்காலும் கண்டுபிடிக்கலாம். இறக்கத்தில் எஞ்சின் உறுமாமல் அமைதியாக ஓடினால், பிரேக் மிதியிலிருந்து டிரைவர் காலே எடுக்காவிட்டால், ரப்பரும் இரும்பும் கருகுகிற மாதிரி வாடை வந்தால் பிரேக் லைனர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். பிறகு மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். “அண்ணே, வாந்தி வர மாதிரி இருக்கு, அந்த டீக்கடையில நிறுத்துங்க” என்று சொன்னால் எந்த டிரைவரும் உடனே நிறுத்துவார். அரை மணி நேரம் நின்றால் பிரேக்கும் ஆறும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

பிக்கப், குட்டியானை பின்னால் ஏறுவதுதான் காணொளிகளில் அழகாக இருக்கிறது. காய் மூட்டை மேல் உட்கார்ந்தால் வண்டியின் பாரம் மேலே ஏறி வளைவில் கவிழ்கிற ஆபத்து கூடும், மரக்கிளையும் தலையில் அடிக்கும். இதைவிடப் பெரிய விஷயம் இன்ஷூரன்ஸ். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ போனால் சட்டம் பாதுகாக்கிறது. சும்மா ஏறிக்கொண்ட பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாளைக்கு ஒன்று நடந்தால் இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில்தான். கேபினிலும் எத்தனை ஆள் என்பது ஆர்.சி.யில் எழுதியிருக்கும், பிக்கப்பில் பெரும்பாலும் டிரைவரோடு இன்னொருவர் மட்டும். பைக்கிலும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்கு எதுவும் கிடைக்காது, முழு பாலிசி இருந்தால்தான் உண்டு. ஆகவே டிரைவர் “பின்னாடி வேணாம் தம்பி” என்றால் கெஞ்சாதீர்கள்.

காசு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். ஆள் ஏற்றுகிற ஜீப் என்றால் ஏறும்போதே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், இறங்குகிற இடத்தில் சண்டை இருக்காது. வெள்ளை போர்டு போட்ட சொந்த வண்டியில் காசு கொடுக்காதீர்கள், அவர் வாங்கினால் அது பர்மிட் மீறல். டீக்கு நிறுத்தினால் கிளீனருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுங்கள், போதும்.

காட்டுமாடு கொடைக்கானல் டவுன் தெருவிலேயே நிற்கிற காலம் இது. இருட்டினால் ரோட்டோரப் புல்லுக்கு வரும். ஆறு மணிக்கு மேல் பிரிவில் தனியாக நிற்கக் கூடாது என்பது அதனால்தான். பழனி ரோட்டிலும் தாண்டிக்குடிப் பக்கமும் யானையும் உண்டு. இறக்கிவிடுகிற டிரைவர் “இங்க வேணாம், கடை இருக்கிற இடத்துல இறங்கு” என்றால் அரை கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டியிருந்தாலும் அவர் சொல்கிற இடத்தில் இறங்குங்கள்.

பேரிஜம் ஏரி வழியாக மூணாறுக்கு லிஃப்ட் கிடைக்குமா என்று இப்போதும் கேட்கிறார்கள். பழைய வரைபடத்தில் ரோடு இருக்கிறது, ஆனால் அந்த வழி போக்குவரத்துக்கு இல்லை. பேரிஜத்துக்கே வனத்துறை அனுமதி வேண்டும். மூணாறு போக வேண்டுமானால் மலையிறங்கி வத்தலக்குண்டு, தேனி, போடி வந்து, 17 கொண்டை ஊசி ஏறி போடிமெட்டு வழியாகத்தான் போக வேண்டும்.

மற்ற மலைகளுக்கு நேரக்கட்டுப்பாடு வேறு. சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை. பண்ணாரி செக்போஸ்ட்டில் சரக்கு வண்டியை மாலை 6 மணிக்கும் மற்ற வண்டிகளை இரவு 9 மணிக்கும் நிறுத்திவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். திம்பத்தைத் தாண்டித் தாளவாடி போகிறவர் அஞ்சு மணிக்கு மேல் லாரியை நம்பக் கூடாது. முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் வழியிலும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். புலிகள் காப்பகச் சாலைகளில் நடுவில் இறங்கவே முடியாது, ஆகவே காட்டைத் தாண்டி முழுசாகப் போகிற வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70 வளைவு. இங்கெல்லாம் பாதி வழியில் இறங்கினால் அடுத்த வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம்.

பெண்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ வரும்போது, ஊருக்குள் பள்ளிக்கூடம், ரேஷன் கடைப் பக்கம் நிற்கிற ஊர்ப்பெண்களோடு சேர்ந்து நின்று அவர்கள் ஏறுகிற வண்டியில் ஏறுவதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூம்பாறையைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடையாது, ஏறிய பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால் போகாது. நல்ல டிரைவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 எண்களைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜ் தீர்ந்தால் அடுத்தவர் போனில் அடிக்கலாம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பஸ் வருகிற நேரமாக இருந்தால் பஸ்ஸில் போவதே மேல்.

மழைக்காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லிஃப்ட் பயணமே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் சாய்ந்து ரோடு அடைபட்டபோது பஸ்ஸில் வந்தவரும் காரில் வந்தவரும்கூட மேலேயே மாட்டிக்கொண்டார்கள். சொந்த வண்டியும் இல்லாமல், தங்க இடமும் பேசி வைக்காமல் வருகிறவர் என்ன செய்வார்?

இனி எங்கள் கோரிக்கை. கொடைக்கானலிலிருந்து மேல்மலை, கீழ்மலை ஊர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அங்கிருந்து திரும்புகிற முதல் பஸ் எப்போது என்பதை மாதம் ஒரு தடவை உங்கள் மாவட்டப் பக்கத்தில் போட முடியுமா? அது தெரிந்தாலே பாதிப் பேர் இருட்டில் ரோட்டோரம் நிற்க மாட்டார்கள். நெடுஞ்சாலைத் துறை மன்னவனூர் ரோட்டிலும் பண்ணைக்காடு ரோட்டிலும் ஒவ்வொரு பிரிவிலும் சரிவு இல்லாத பக்கமாக ஓரத்தை ஒரு வண்டி நீளத்துக்கு, அதாவது 20 அடி, ஜல்லி கொட்டி அகலப்படுத்தி, அங்கே ஒளிரும் பலகை ஒன்று வைத்தால் போதும். வண்டியும் ரோட்டை விட்டு இறங்கி நிற்கும், ஆளும் மேகத்தில் தெரிவார்.

இப்படிக்கு,
மேல்மலை வண்டி ஓட்டுநர்கள் சிலர்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.